தொடக்கப் பள்ளி இசை வகுப்பு: எல்லாப் பிள்ளைகளும் பாட வேண்டுமென்றால்

கால அட்டவணையில் இசைக்கு நேரம் ஒதுக்கியிருக்கும் பள்ளிகளில்கூட அந்த நேரத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஆண்டு விழாவுக்குப் பொறுக்கியெடுத்த பத்துப் பிள்ளைகள் ஒத்திகை பார்ப்பார்கள், மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், பிள்ளைகள் கூடவே கத்துவார்கள். இரண்டிலும் இசை கேட்கிறது, ஆனால் யாரும் எதுவும் கற்பதில்லை. வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் வாராவாரம் தானே பாடி, தானே தாளம் போட்டு, தன் குரல் சேர்ந்ததா இல்லையா என்று தன் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பாடத்துக்குப் பலன் உண்டு. அதை நடத்துவதற்கான வழிமுறைதான் இது. சங்கீதம் முறையாகப் படித்தவராக இருக்க வேண்டியதில்லை. எளிய பாட்டொன்றைச் சுருதி விலகாமல் பாட வந்தால் வகுப்பாசிரியரே நடத்தலாம்.

எதைச் சொல்லி நேரம் கேட்பது

தலைமையாசிரியரிடமோ பெற்றோரிடமோ பேசப் போகும்போது, "இசை கற்றால் கணக்கு நன்றாக வரும்" என்ற வாதத்தைக் கையில் எடுக்காதீர்கள். ஆதாரம் அவ்வளவு பலமாக இல்லை. மோட்சார்ட்டைக் கேட்டால் மூளை கூர்மையாகும் என்று உலகமெல்லாம் பரவிய பேச்சுக்கு மூலம் 1993-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு. கல்லூரி மாணவர்கள் 36 பேர் மோட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்டார்கள். வடிவங்களை மனத்துக்குள் மடித்துத் திருப்பிப் பார்க்கும் புதிர்களைச் சற்றுக் கூடுதலாகச் சரியாகப் போட்டார்கள். அந்தக் கூடுதலும் 10–15 நிமிடத்தில் கரைந்துவிட்டது. அதில் குழந்தைகளும் இல்லை, இசைப் பயிற்சியும் இல்லை.

2004-இல் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்து நடந்த ஆய்வு இதைவிடக் கவனமாகச் செய்யப்பட்டது. ஓராண்டு இசை கற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிடச் சிறிதளவு கூடியது உண்மை. ஆனால் அதே ஆய்வில், பழகும் விதத்தில் முன்னேறியவர்கள் நாடகம் கற்ற குழுவினர்தான், இசைக் குழுவினர் அல்ல. 2020-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களோ, ஒப்பீட்டுக் குழுவை ஒழுங்காக வைத்த ஆய்வுகளில் படிப்புக்கு வரும் ஆதாயம் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்று எழுதினார்கள். கணக்கு மதிப்பெண்ணைக் காட்டி வாங்கிய நேரத்தை, மதிப்பெண் ஏறாத அடுத்த ஆண்டே பிடுங்கிக்கொள்வார்கள்.

கண்முன் நடப்பதைச் சொல்லுங்கள். தன் குரலைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்வது, முப்பது பேரோடு ஒரே நொடியில் தொடங்கி ஒரே நொடியில் நிறுத்துவது, தன் முறை வரும்வரை எண்ணிக்கொண்டு காத்திருப்பது, எழுத்தைப் பார்க்காமல் எட்டு வரி மனத்தில் நிறுத்துவது: இவை இசை வகுப்பில் வாராவாரம் பயிற்சி பெறுகின்றன, யாரும் வந்து பார்க்கலாம். இன்னொன்றையும் சொல்லலாம். தனி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை எப்படியும் இசை கற்கும். முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வாசல் இல்லை.

நேரமும் இடமும்

வாரம் 60 நிமிடம் கிடைத்தால் அதை இரண்டு 30 நிமிடமாகப் பிரித்துக் கேளுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூன்று 20 நிமிடம் இன்னும் நல்லது. ஏழு நாள் இடைவெளியில் சிறு பிள்ளைகள் பாட்டின் பாதியை மறந்துவிடுகிறார்கள். வகுப்பின் முதல் பத்து நிமிடம் பழையதைத் தேடி எடுப்பதிலேயே போய்விடும்.

மேசை நாற்காலி இல்லாத தரை வேண்டும், பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். வரிசையாக உட்கார்ந்தால் பின்வரிசைப் பிள்ளைகள் முன்வரிசையின் குரலுக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

30 நிமிடத்துக்கு ஒரு ஏற்பாடு: வருகைப் பாட்டு 4 நிமிடம், தாள விளையாட்டு 6, தெரிந்த பாட்டு ஒன்று 3, புதுப் பாட்டு 7, நடை அல்லது கருவி 7, அமைதியாகக் கேட்டல் 3. புதியதை நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் சில நிமிடத்தில் காது இன்னும் வெளியே இருக்கும், கடைசி சில நிமிடத்தில் கால் வெளியே போயிருக்கும்.

சுருதி: பெரும்பாலான வகுப்புகள் சறுக்கும் இடம்

பெரியவர்கள் தங்கள் தொண்டைக்கு வசதியான சுருதியில் பாடிக் காட்டுவதுதான் தொடக்கப் பள்ளி இசையின் முதல் கோளாறு. பிள்ளைகள் உறுமுகிறார்கள், அல்லது கத்துகிறார்கள். "இந்த வகுப்புக்குப் பாட்டே வராது" என்று முடிவாகிவிடுகிறது. தவறு பிள்ளைகளிடம் இல்லை.

ஆறு, ஏழு வயதுக் குரலுக்கு வசதியான எல்லை குறுகலானது. கீபோர்டில் நடு சி-க்கு (விசைகளின் நடுவிலுள்ள சி ஸ்வரம்) அடுத்த டி-யிலிருந்து அதற்கு மேலுள்ள பி வரை என்று வைத்துக்கொள்ளலாம். 5 அல்லது 5½ கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) பாடிப் பழகிய ஆசிரியையின் ஆதார ஷட்ஜம், அதாவது ஸ, நடு சி-க்கும் கீழே இருக்கிறது. அவர் ஸ, ரி என்று தொடங்கும் இடம் பிள்ளையின் குரலில் பாட்டாக வராது, பேச்சுக் குரலாகத்தான் வரும். ஆகவே ஸ-வை நடு சி-க்கு மேலுள்ள டி-யில், அதாவது குழந்தை ஸ்தாயியில் (ஸ்தாயி என்பது ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரையுள்ள எல்லை) 2 கட்டையில் வையுங்கள். ஸ முதல் த வரையுள்ள ஆறு ஸ்வரங்களும் அந்த வசதியான எல்லைக்குள் அப்படியே உட்காரும். ஒன்பது, பத்து வயதில் எல்லை விரியும்; நடு சி முதல் மேல் டி வரை போகலாம்.

ஆண் ஆசிரியர் பாடும்போது இன்னொரு சிக்கல். அவர் குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே மேல் ஸ்தாயியில் பிடித்துக்கொள்வார்கள், சிலர் அவர் குரலையே எட்டப் பார்த்துத் தொண்டையை அழுத்துவார்கள். முதல் ஸ்வரத்தைக் கீபோர்டிலோ கைபேசிச் சுருதிப்பெட்டியிலோ பிள்ளைகளின் ஸ்தாயியில் ஒலிக்கவிட்டு, நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையை முதல் வரி பாடச் சொன்னால் மற்றவர்கள் அந்தக் குரலோடு சேர்ந்துவிடுவார்கள்.

கரோக்கி டிராக் வைத்துப் பாடவிடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சுருதி பெரியவர்களுக்கானது, வேகம் பெரியவர்களுக்கானது. ஒரு பிள்ளை வரியைத் தவறவிட்டால் அது நின்று காத்திருக்கவும் செய்யாது.

இரண்டு ஸ்வரத்தில் தொடங்குங்கள்

ஸரிகமபதநி முழுவதையும் முதல் நாளே ஏற்றுவது பெரிய பிள்ளைகளுக்குச் சரி. ஆறு வயதுக்கு ப, க என்ற இரண்டே போதும். மோகன ராகத்தில் வரும் ப-விலிருந்து க-வுக்கு இறங்கும் இடைவெளி பிள்ளைகள் ஒருவரையொருவர் நீட்டிக் கூப்பிடும்போது தானாகவே வருவது. ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜோல்தான் கோடாய் பெயரில் வழங்கும் இசைக்கல்வி முறையிலும் பள்ளிப் பாட்டு இதே இடைவெளியில்தான் தொடங்குகிறது.

இதை வைத்து வருகைப் பதிவையே பாட்டாக்கலாம். "மீனா எங்கே?" என்று ப-க ப-க என்று பாடுங்கள்; மீனா "இங்கே" என்று ப-க பாடட்டும். முப்பது பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்று, நான்கு நிமிடம்தான். ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் பாடியாயிற்று. யார் சுருதியில் சேர்கிறார், யார் சேரவில்லை என்று உங்களுக்கும் தெரிந்தாயிற்று. முதல் வாரம் சிலர் பேசித்தான் பதில் சொல்வார்கள். திருத்தாதீர்கள், அடுத்த பெயருக்குப் போங்கள். சில வாரங்களில் பலர் தாமாகவே பாடத் தொடங்குவார்கள்.

ப, க பழகியதும் த. இப்போது ஒரு சிறு பாட்டு:

சின்னப் பந்து துள்ளிப் போச்சு
தட்டித் தட்டி வா வா

முதல் வரி: ப க, ப க, ப த, ப க. இரண்டாம் வரி: ப க, ப க, ப, க. கைச்சைகையும் சேருங்கள்: க பாடும்போது கை நெஞ்சில், ப-வுக்குத் தோளில், த-வுக்குத் தலையில். உயரம் என்பது பிள்ளைக்குக் காதில் மட்டும் புரிவதில்லை. கை மேலே போகும்போது குரலும் போகிறது. இங்கிலாந்தில் ஜான் கர்வென் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய கைச்சைகைகளைக் கோடாய் வழியினர் எடுத்துக்கொண்டதும் இதற்காகத்தான்.

பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் வரிசை

முதலில் முழுப் பாட்டையும் மூன்று முறை நீங்களே பாடுங்கள், பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு வேலை கொடுங்கள்: முதல் முறை "என்ன துள்ளிப் போச்சு?", இரண்டாம் முறை "எந்தச் சொல்லில் குரல் மேலே ஏறுது? கையைத் தூக்குங்க", மூன்றாம் முறை மடியில் மெல்லத் தட்டிக்கொண்டே கேட்பது. வெறுமனே "கேளுங்க" என்றால் கேட்க மாட்டார்கள்.

அடுத்து வரிவரியாக எதிரொலி. நீங்கள் ஒரு வரி, அவர்கள் அதே வரி. பிறகு இரண்டு வரி சேர்த்து. பிறகு முழுப் பாட்டு. தொடங்கும் ஸ்வரத்தை ஒவ்வொரு முறையும் கொடுங்கள். அந்த ஸ்வரத்திலேயே, பாட்டின் வேகத்திலேயே "ஒண்ணு, ரெண்டு, பா-டுங்க" என்று பாடித் தொடக்கிவிடுங்கள். இது இல்லாவிட்டால் முப்பது பேரும் முப்பது சுருதியில் தொடங்குவார்கள்.

அவர்கள் பாடும்போது நீங்கள் கூடப் பாடக் கூடாது. ஆசிரியர்கள் மிகவும் சிரமப்பட்டுக் கைவிடும் பழக்கம் இதுதான். நீங்கள் பாடினால் பிள்ளைகள் உங்கள் குரலில் சாய்ந்துகொள்வார்கள், உங்கள் காதில் உங்கள் குரல்தான் விழும். வாயசைவும் கையும் போதும். வரி தவறினால் நிறுத்தி, தவறிய வரியை மட்டும் ஒருமுறை பாடிக் காட்டி, அவர்களைத் திருப்பிப் பாடவிடுங்கள். "தப்பு, இப்படி இல்லை" என்று அவர்கள் பாடிய தவறை நீங்கள் பாடிக் காட்ட வேண்டாம். பிள்ளைகள் கடைசியாகக் கேட்டதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரே வகுப்பில் பாட்டு முழுவதும் வந்துவிட வேண்டுமென்று எதிர்பார்க்க வேண்டாம். 7 நிமிடத்துக்கு மேல் போனால் குரல் தட்டையாகும், கவனம் போகும். விட்டுவிட்டு அடுத்த வகுப்பில் எடுங்கள்.

குரல் சத்தமாக வர வேண்டுமென்று கேட்காதீர்கள். "இன்னும் சத்தமா!" என்றால் பிள்ளை கத்தும், கத்தும்போது சுருதி போகும், தொண்டை கட்டும். "கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குச் சொல் தெளிவாகக் கேட்கணும்" என்றால் உச்சரிப்பு திருந்தும், ஒலியும் தானாகவே எட்டும்.

சுருதி சேராத பிள்ளை

எந்த வகுப்பிலும் சிலர் ஒரே ஸ்வரத்தில் முனகுவார்கள். பெரும்பாலும் காதில் குறை இருக்காது. பேசும் குரலுக்கும் பாடும் குரலுக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். ஆந்தை மாதிரி "ஊ" என்று மேலிருந்து கீழே சரியவிடுங்கள், தீயணைப்பு வண்டிச் சைரன்போல் கீழிருந்து மேலே ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பந்தை மேலே எறிந்து, அதன் போக்கிலேயே குரலைக் கொண்டுபோகச் சொல்லலாம். மேல் குரல் இருக்கிறது என்று தெரிந்ததும் பாதி வேலை முடிந்தது.

இன்னும் சேராவிட்டால் நீங்கள் பிள்ளையிடம் போங்கள். பிள்ளை எந்த ஸ்வரத்தில் முனகுகிறதோ அதையே நீங்களும் பாடுங்கள். இரண்டு குரலும் ஒன்றாகும்போது பிள்ளையின் முகத்தில் அது தெரியும். "சேர்ந்தது" என்றால் எப்படியிருக்கும் என்பதை அது அப்போதுதான் முதன்முதலாக உணர்கிறது. அங்கிருந்து அரை ஸ்வரம் மேலே போய், பிள்ளை வரும்வரை காத்திருங்கள். இது இருபது வினாடி வேலை. வருகைப் பாட்டின்போதே செய்துவிடலாம், எல்லார் முன்னும் நீட்ட வேண்டாம். ஒரு காதை விரலால் மூடிக்கொண்டு பாடச் சொல்வதும் உதவும், தன் குரல் தனக்குத் தெளிவாகக் கேட்கும். நன்றாகப் பாடும் இரு பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வையுங்கள்.

"நீ வாயை மட்டும் அசை" என்று மட்டும் எந்தப் பிள்ளையிடமும் சொல்லிவிடாதீர்கள். பாட வராது என்று ஆயுள் முழுவதும் நம்பிக்கொண்டிருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு சொல் எங்காவது கிடக்கும்.

பல மாதமாகியும் மாற்றமே இல்லை, பேச்சையும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

தாளம்: கால் ஒன்று, கை ஒன்று

பிள்ளைகள் முதலில் குழப்பிக்கொள்வது சீராக ஓடும் காலப்பிரமாணத்தையும் (ஒரே வேகத்தில் விழும் துடிப்பு) பாட்டின் சொற்களையும்தான். "கை தட்டுங்க" என்றால் பாதிப் பேர் சொல்லுக்குச் சொல் தட்டுவார்கள், பாதிப் பேர் சீராகத் தட்டுவார்கள். இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

"சின்னப் பந்து துள்ளிப் போச்சு" வரியையே எடுங்கள். நின்ற இடத்தில் வரிக்கு நான்கு அடி வைத்து நடக்கட்டும்: சின், பந், துள், போச். நடை சீரானதும் கையால் சொற்களை அசை அசையாகத் தட்டட்டும்: எட்டுத் தட்டு. கால் நான்கு, கை எட்டு. இரண்டாம் வரியில் "வா வா" வரும்போது கையும் காலும் ஒன்றாகிவிடும். அந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், காரணம் அவர்களுக்கே புரிந்துவிடும். பிறகு சொற்களை எடுத்துவிட்டு, தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டு போடுங்கள்: தக தக தக தக, தக தக தா தா. எழுத்து வராத பிள்ளைகூட இதை வாசிக்கும். பலகையில் நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கோடு என்றால் தா, இரண்டு கோடு என்றால் தக. இசையை எழுதிப் படிப்பதன் தொடக்கம் இதுதான்; ஐந்து கோட்டுத் தாளோ ஸ்வரக் குறிப்போ பிறகு வரட்டும்.

வேகத்தைக் குறைத்தால் பிள்ளைகளுக்கு எளிது என்று நினைப்பது தவறு. சிறு பிள்ளைகளின் இயல்பான வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். மெட்ரோனோமில் (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 120 தட்டை ஒட்டி வைத்துத் தொடங்குங்கள். 70, 80-க்கு இறக்கினால் இரண்டு தட்டுகளுக்கு நடுவிலுள்ள வெறும் இடத்தை நிரப்பத் தெரியாமல் ஓடுவார்கள். நீங்கள் "ஓடாதீங்க" என்பீர்கள், பயனிருக்காது. காலப்பிரமாணம் நின்ற பிறகுதான் மெதுவாகப் பாடப் பழக்க வேண்டும்.

இரண்டு, நான்கு எண்ணிக்கை வந்ததும் மூன்று: தகிட தகிட. பிறகு ஐந்து: தக தகிட. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தை எளிதாகப் பிடிப்பார்கள்; பெரியவர்கள்தான் தடுமாறுவோம்.

இசை ஓடும்போது நடப்பது, நின்றதும் சிலையாக நிற்பது என்ற விளையாட்டை எல்லா வயதிலும் வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் எமில் ஜாக்-டால்குரோஸ் இதுபோன்ற உடல் அசைவுகளை வைத்தே ஒரு பயிற்சி முறையைக் கட்டினார். மேளத்தில் நீங்கள் வேகத்தை மாற்றினால் கால்கள் மாற வேண்டும், மெல்ல அடித்தால் அடியும் மெல்ல விழ வேண்டும். பைகளை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் யாராவது தடுக்கி விழுவார்கள்.

கருவிகள்

முப்பது பேருக்கும் முப்பது கருவி வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் அடித்தால் யாருக்கும் எதுவும் கேட்காது, காதுக்கும் கெடுதல். பத்துப் பேர் வாசிக்க, பத்துப் பேர் பாட, பத்துப் பேர் நடக்க என்று சுற்றி வந்தால் பத்துக் கருவியே போதும். 20–25 செ.மீ. நீளம், 1.5–2 செ.மீ. தடிமனுள்ள உருட்டுக் கட்டைகளை முனை தேய்த்து வழவழப்பாக்கினால் தாளக் கோல் தயார். கிலுகிலுப்பைக்கு 200 மி.லி. பாட்டிலில் கால் பங்கு சிறு விதைகள். பாதிக்கு மேல் நிரப்பினால் விதைகள் உருள இடமில்லாமல் ஒலி மந்தமாகும். மூடியை ஒட்டி, மேலே நாடாவும் சுற்றிவிடுங்கள், சிறு பிள்ளைகள் விதையை வாயில் போட்டுக்கொள்வார்கள்.

கருவியைக் கையில் கொடுத்த பிறகு விளக்கம் சொல்லாதீர்கள். ஒரு சொல்லும் காதில் ஏறாது. முதலில் வெறும் கையில் வாசித்துப் பழகட்டும், பிறகு கருவி. கோல்களைத் தோளில் சாய்த்து வைத்தால் ஓய்வு என்று ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொஞ்சம் கிடைத்தால் முதலில் வாங்க வேண்டியது சைலோபோன், கட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடிய வகை. ஜெர்மனியின் கார்ல் ஆர்ஃபும் குனில்ட் கேட்மனும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய கருவி வகை இது. எஃப், பி கட்டைகளைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது சி, டி, ஈ, ஜி, ஏ. சி-யை ஸ என்று வைத்தால் ஸ ரி க ப த, அதாவது மோகனம். இதில் எந்த ஸ்வரத்தோடு எந்த ஸ்வரம் சேர்ந்தாலும் காதை உறுத்தாது, ஆகவே பிள்ளை துணிந்து வாசிக்கும். ஒரு பிள்ளை ஸ-வையும் ப-வையும் ஒன்றாகத் தட்டிக்கொண்டே இருக்க, மற்றவர்கள் ப க த பாட்டைப் பாடலாம். சைலோபோனோடு பாடும்போது சுருதி 1 கட்டைக்கு இறங்கும். ப க த மட்டும் வரும் பாட்டுக்கு அதனால் பாதகமில்லை. அடிக்கும் கோல் கட்டையில் பட்டதும் எகிறி வர வேண்டும், அழுத்திப் பிடித்தால் ஒலி செத்துவிடும்.

ரெக்கார்டர் குழலை எட்டு வயதுக்கு முன் தொடங்க வேண்டாம், விரல் துளையை முழுதாக மூடாது. வாங்கும்போது பரோக் விரல்முறை என்று கேட்டு வாங்குங்கள். ஜெர்மன் விரல்முறையில் ஒரு ஸ்வரம் எளிதாகும், பின்னால் பல ஸ்வரங்கள் சுருதி விலகும். இடது கை மேலே. பின்துளையைக் கட்டைவிரலும் முதல் துளையை ஆள்காட்டி விரலும் மூடினால் பி. நடுவிரலும் சேர்ந்தால் ஏ. மோதிர விரலும் சேர்ந்தால் ஜி. முதல் மாதம் முழுக்க இந்த மூன்றுதான். கீச்சிட்டால் காரணம் இரண்டு: துளை முழுதாக மூடவில்லை, அல்லது ஊதல் பலம். விரலை எடுத்துப் பார்த்தால் நுனியில் முழு வட்டத் தடம் இருக்க வேண்டும். ஊதலுக்கு, உள்ளங்கையை முகத்துக்கு முன் வைத்துக் கண்ணாடியில் ஆவி படியவிடும் மூச்சைப் பழக்குங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் நாக்கில் "து" என்று தொடங்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒலி அடைத்தால் உள்ளே ஈரம் கோத்திருக்கிறது. வாய்ப்பகுதியைக் கையில் பொத்திச் சூடாக்கினால் சரியாகும். ஒருவர் குழலை இன்னொருவர் ஊதக் கூடாது.

வகுப்புக்கு வகுப்பு

முதல் வகுப்பு: காலப்பிரமாணம், மெல்ல–பலமாக, ப க. இரண்டு: த, தக–தா எழுதிப் படித்தல். மூன்று: ஸ, ரி சேர்ந்து மோகனம் முழுமை, சைலோபோன். நான்கு: ரெக்கார்டர், ம, நி. ஐந்து: இரண்டு குரலில் பாடுதல், சொந்தமாகப் பாட்டுக் கட்டுதல். பிள்ளைகள் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் வகுப்பு இதுவரை பாடியதே இல்லை என்றால் அவர்களுக்கும் ப க-தான், வேகமாக நகர்ந்துவிடுவார்கள்.

சொந்தப் பாட்டுக்கு எல்லை போட்டுக் கொடுங்கள்: எட்டு எண்ணிக்கை, மோகனத்தின் ஐந்து ஸ்வரம், கடைசியில் ஸ. "உங்களுக்குப் பிடித்ததை அமையுங்க" என்றால் திகைத்து நிற்பார்கள்.

இரண்டு குழு ஒரே பாட்டை ஒரு வரி தள்ளித் தொடங்கிப் பாடுவது பெரிய பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். பாட்டு தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் நிலைக்கு வந்த பிறகே இதைத் தொடங்குங்கள். முதல் முறை வகுப்பு முழுவதும் ஒரு குழு, நீங்கள் ஒருவரே தள்ளித் தொடங்கும் குழு. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் பாட்டு இன்னும் ஊறவில்லை என்று பொருள். இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள்.

கேட்டலுக்கு ஒன்றரை நிமிடத் துண்டு, ஒரே ஒரு கேள்வி: "எத்தனை கருவி?", "எப்போ நின்னுது?". எந்த நாட்டு இசையானாலும் சரி, ஒரே துண்டை மூன்று வகுப்பில் திரும்பப் போடுங்கள்.

திடீர் ஒலிக்கு மிரளும் பிள்ளை இருந்தால், மேளம் அடிப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள், வாசல் பக்கம் இடம் கொடுங்கள், காதுறை தயாராக வையுங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளையின் கையை மேளத்தின் விளிம்பில் வைத்தால் துடிப்பு கைவழியே போகும். திக்கிப் பேசும் பிள்ளை பாடும்போது பெரும்பாலும் திக்குவதில்லை. அதற்காக அதை எல்லார் முன்னும் காட்சிப்பொருளாக்க வேண்டாம்.

குறித்துவைப்பது

தரவரிசை வேண்டாம். நான்கு கேள்வி போதும்: 16 எண்ணிக்கை சீராகத் தட்டுகிறதா? ப க-வைத் தனியாகச் சேர்ந்து பாடுகிறதா? ஒரு பாட்டை முழுதாக நினைவிலிருந்து பாடுகிறதா? நான்கு கட்டத் தாளத்தைப் பார்த்துப் படிக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் "வந்தது", "வருகிறது", "இன்னும் இல்லை" என்று தேதியோடு எழுதுங்கள். வகுப்புக்கு நான்கைந்து பேரை மட்டும், விளையாட்டின் நடுவிலேயே, பிள்ளைக்குத் தெரியாமல் கவனித்தால் ஒரு மாதத்துக்குள் எல்லாரும் முடிந்துவிடுவார்கள். பருவத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

ஆண்டு விழா

விழாவுக்காக மூன்று மாதம் ஒரே பாட்டை இழுத்தால் அந்த மூன்று மாதமும் இசைப் பாடம் இல்லை என்றே கொள்ளலாம். வகுப்பில் ஏற்கெனவே பாடிக்கொண்டிருப்பதிலிருந்து மூன்றை எடுங்கள், கடைசி மூன்று வாரம் மட்டும் மெருகேற்றுங்கள். வகுப்பு முழுவதும் மேடையேற வேண்டும். இரண்டு வரியாக நிற்கட்டும். பின்வரி பெஞ்சுமேல் ஏறினால் எல்லா முகமும் தெரியும், எல்லாக் குரலும் வெளியே வரும். சுருதி சேர இன்னும் தடுமாறுகிறவர்களை ஓரத்தில் தள்ளாமல் நடுவில் நிறுத்துங்கள், சுற்றிலும் உள்ள குரல்கள் தாங்கிக்கொள்ளும். மைக் வைத்தால் முன்னால் நிற்கும் இரண்டு பேர் குரல்தான் கேட்கும். கூடத்தில் நூறு பேர்வரை என்றால் மைக் இல்லாமலே முப்பது பிள்ளைகளின் குரல் எட்டும். அதற்கு மேல் என்றால் இரண்டு மைக்கை இரண்டு மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் உயரத்தில் வையுங்கள். மேடைக்கு ஏறும் முன் முதல் ஸ்வரத்தை எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பதற்றத்தில் எல்லாரும் இரண்டு கட்டை ஏற்றித் தொடங்கிவிடுவார்கள், இரண்டாம் வரியிலேயே குரல் உடையும்.